புழக்கடையில் ஓர் ஆய்வுக்கூடம்

திருக்கோவிலூர் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர் நெஞ்சில் எழுவது தென்பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்றுதான். பாரி மகளிரை உரியவரிடம் சேர்ப்பித்த பின் கபிலர் தம் வாழ்வை முடித்துக்கொண்ட இடம் என மரபு கூறும் அந்தப் பாறையைக் காண, சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வராக விழுப்புரத்திலிருந்து புறப்பட்டோம். பாறையைப் பார்த்தாயிற்று, கோயிலையும் பார்த்தாயிற்று. திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து கொசுவை விரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு காலத்துல இங்க கொசுவே இல்லாம இருந்துச்சுங்க. மருந்து அடிக்கல, புகை போடல. ஆராய்ச்சிக்காரங்க வந்து சாக்கடைக் குழியில வெள்ளை வெள்ளையா மணி கொட்டினாங்க. அவ்வளவுதான்."

என்ன மணி என்று கேட்டோம். டி.வி. பெட்டிக்குள் வைத்து வருமே, அந்தத் தெர்மோகோல் என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2017இல் வைகை அணை நீரின் மேல் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்டு நாடே சிரித்ததற்குப் பிறகு, நீரையும் தெர்மோகோலையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசுகிறவரை யார்தான் நம்புவார்? ஆயினும் பெரியவர் சொன்னது முழு உண்மை. அதைத் தேடிப் போனபோது விழுப்புரம், திண்டிவனம், திருக்கோவிலூர் வட்டாரங்களின் நாற்பது, ஐம்பது ஆண்டு மருத்துவ வரலாறு ஒன்று எங்கள் கைக்குக் கிட்டியது. அது வீட்டுக்குப் பின்னால் தேங்கும் கழிவுநீரின் வரலாறு.

முதலில் நோயைப் பற்றி. யானைக்கால் என்று நாம் அழைக்கும் நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. அது மனித உடலின் நிணநீர்க் குழாய்களில் வாழ்கிறது. அதன் நுண்குஞ்சுகள் பகலெல்லாம் உள்ளுறுப்புகளில் ஒதுங்கியிருந்து, இரவில், குறிப்பாக நள்ளிரவை ஒட்டிய மணிகளில், தோலருகே ஓடும் இரத்தத்துக்கு வருகின்றன. கொசு கடிக்க வரும் நேரமும் அதுவே! அக்குஞ்சுகளை 1872இல் கல்கத்தாவில் மனித இரத்தத்தில் கண்டவர் திமோதி லூயிஸ். அவை கொசுவின் உடலுக்குள் வளர்வதை 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் கண்டவர் பேட்ரிக் மேன்சன். ஆனால் மேன்சன் ஒரு பிழை செய்தார். கொசு நீரில் விழுந்து இறக்கிறது, அந்நீரைக் குடிப்பவர் வயிற்றுக்குள் புழு போகிறது என்று எண்ணினார். கொசுவின் கொடுக்கு வழியாகவே புழு வெளியேறுகிறது என்பது 1900இல்தான் தெளிவாயிற்று. குற்றவாளி நீர்தான் என்ற அளவில் மேன்சன் பாதி சரி. அந்நீர் குடிநீரன்று, சாக்கடை நீர்.

நம் பகுதிகளில் இப்புழுவைப் பரப்புவது கியூலக்ஸ் இனக் கொசு. மலேரியாக் கொசு தெளிந்த நீரைத் தேடும். டெங்குக் கொசு மழைநீர் நிற்கும் சிரட்டையைத் தேடும். கியூலக்ஸ் தேடுவது அழுக்கை. பாத்திரம் கழுவிய நீர், குளித்த நீர், சோற்றுக் கஞ்சி கலந்த நீர், மலக்குழி நீர். நீர் எவ்வளவு கெட்டதோ அவ்வளவு அதற்குக் கொண்டாட்டம்.

கிணற்றிலிருந்து இறைத்துப் புழங்கிய காலத்தில் ஒரு வீட்டிலிருந்து வெளியேறும் அழுக்கு நீர் அளவானதாகவே இருந்தது. அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். பாத்திரம் துலக்கிய நீர் புழக்கடை வாழைக்கும் கருவேப்பிலைக்கும் போகும். மறுசுழற்சி என்ற சொல் பிறக்கும் முன்பே அது நடந்துகொண்டிருந்தது என்று பெருமைப்படலாம்தான். ஆனால் அந்தக் காலத்திலும் யானைக்கால் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. பிறகு ஊர்தோறும் மேல்நிலைத் தொட்டிகள் எழுந்தன, தெருக்குழாய் வந்தது, வீட்டுக்குள்ளேயே குழாய் வந்தது. நீர் வந்த அளவுக்கு வடிகால் வரவில்லை. வெளியேற வழியற்ற நீருக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டப்பட்டது. சில நாளில் அடியில் சேறு படிந்து, மண் உறிஞ்சுவதை நிறுத்திக்கொள்ளும். அப்புறம் அது உறிஞ்சுக்குழி அன்று, கொசுப்பண்ணை.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர், நகருக்குள் நுழையுமுன் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையைக் காண்பார். அதே மருத்துவ வளாகப் பகுதியில் இருப்பது நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தால் 1975இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநரான பி.கே. ராஜகோபாலன் 1990 வரை அப்பொறுப்பில் இருந்தார்; அவ்வாண்டே பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து கொசுவை எண்ணுவதைக் காட்டிலும் ஊரின் சாக்கடையில் இறங்கி எண்ணுவதே முதன்மையான வேலை என்று கருதிய மனிதர் அவர்.

1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரமே அவர்களுடைய களமாயிற்று. பூச்சிக்கொல்லியை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மூடுவது, தூர்வாருவது, நிரப்புவது, மீன் விடுவது என்று ஐந்தாண்டுகள் உழைத்தார்கள். கொசு வெகுவாகக் குறைந்தது. திட்டம் முடிந்தது. பிறகு? 1992இல் மையத்தினர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின் பொருளே, கொசு மீண்டும் பெருகியதால் யானைக்கால் நோயில் ஏற்பட்ட விளைவு என்பதுதான். தாங்கள் பாடுபட்டுச் சாதித்தது கரைந்துபோவதைத் தாங்களே அளந்து, அட்டவணையிட்டு வெளியிடுவதற்கு ஒரு நேர்மை வேண்டும். கொஞ்சம் கல்நெஞ்சமும் வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். மலேரியா வர ஒரே கடி போதும். யானைக்கால் அப்படியன்று. 1960களில் ரங்கூனில் நடந்த ஆய்வின்படி, ஒருவர் இரத்தத்தில் நுண்புழுக்கள் தோன்றுவதற்குப் புழு சுமந்த கொசுவின் கடிகள் சராசரியாக ஏறத்தாழ 15,500 வேண்டும். நம்மவர் பலர் வாழ்ந்த, பலர் விட்டுவந்த ரங்கூன்! எத்தனை ஆயிரம் இரவுகளின் கடிகள் சேர்ந்து ஒரு கால் வீங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே கொசுவை ஒழித்துக்கட்ட வேண்டியதில்லை. நன்றாகக் குறைத்தாலே புழுவின் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் புழு மனித உடலில் பல ஆண்டுகள் வாழவல்லது. கொசு திரும்பி வரும்வரை அது காத்திருக்கும்.

1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. அதையொட்டிய ஆண்டுகளில் இம்மாவட்டம் உலக மருத்துவ ஏடுகளில் அடிக்கடி இடம்பெறத் தொடங்கியது. புதுச்சேரி மையத்தினர் 15 சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்தனர். சில ஊர்களுக்கு டிஇசி மாத்திரை, சில ஊர்களுக்கு ஐவர்மெக்டின், எஞ்சியவற்றுக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. இரத்தம் எடுப்பதோ இரவில். ஊர் உறங்கும் வேளையில் அரிக்கேன் விளக்கோ டார்ச்சோ ஏந்தி, கதவைத் தட்டி, விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் மூன்று சொட்டு. எங்களில் ஒருவர் திண்டிவனம் பக்கத்துச் சிற்றூரில் வளர்ந்தவர். ஊசிக்கு அஞ்சி வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட கதையை இன்றும் சொல்வார். மருந்து பயன் தந்தது. நுண்புழு உள்ளவர் தொகை வெகுவாக இறங்கியது. ஆறு சுற்றுகள் கடந்தும் சில ஊர்களில் புழு முற்றிலும் மறையவில்லை.

இதே ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட வேறொரு கட்டுரை எங்களை அதிகம் பாதித்தது. தென்னிந்தியச் சிற்றூர் ஒன்றின் ஆண் நெசவாளர்களை எடுத்துக்கொண்டு, நோயுற்றவர் நெய்யும் துணியையும் நோயற்றவர் நெய்யும் துணியையும் அளந்து பார்த்தார்கள். நோயுற்றவரின் நெசவு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைந்திருந்தது. குழித்தறியை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. கை நாடாவை எறிய, கால் மிதியை மிதிக்க வேண்டும். வீங்கிய கால் தறிக்குழிக்குள் எவ்வளவு நேரம் தொங்கும்? 'யானைக்கால்காரர்' என்று ஊர் சூட்டிய பட்டப்பெயருக்கு மேல், கூலியிலும் கால் பங்கு போயிற்று.

இனி பெரியவரின் வெள்ளை மணிகளுக்கு வருவோம். 1978இல் பால் ரெய்ட்டர் என்ற ஆய்வாளர் முன்வைத்த எண்ணம் அது. கியூலக்ஸ் புழு நீருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வால்நுனிக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிறது. நீர்மட்டத்தை மூடிவிட்டால் அது மூச்சுத் திணறிச் சாகும். தாய்க்கொசுவுக்கும் முட்டையிட இடமிராது. எண்ணெய் ஊற்றினால் சில நாளில் போய்விடும். தெர்மோகோல் மணி கரையாது, மட்காது, மூழ்காது. குப்பையாக வீதியில் கிடக்கும்போது எந்தக் குணத்துக்காக அதைச் சபிக்கிறோமோ, அந்தக் குணமே மூடிய குழிக்குள் வரமாகிவிடுகிறது! விரியாத நிலையில் அது சர்க்கரை போன்ற சிறு துகள். ஒரு சாக்குத் துகளைச் சுமந்துபோய், ஊரிலேயே கொதிநீரில் இட்டால் பல மடங்கு பெருத்து மணியாகிவிடும். குழியின் மேல் சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் போதும். மழை வெள்ளம் குழியை நிரப்பி வழியச் செய்யாத வரை அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே மிதக்கும். நீர் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

1988இல் சான்சிபார் தீவின் மக்குண்டுச்சி ஊரில் கழிப்பறைக் குழிகளில் இதைக் கொட்டி, கூடவே மக்களுக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். கொசுக்கடி 98 விழுக்காடு குறைந்தது. இரத்தத்தில் நுண்புழு கொண்டவர்கள் 49 விழுக்காடாக இருந்தது, ஐந்தாண்டுகளில் 3 விழுக்காடாயிற்று. அந்தச் செய்தி மதுரைக்கு எட்டியது. மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சிக்கென்று ஒரு மையம் இருந்தது. பின்னாளில் அது புதுச்சேரி மையத்தின் களநிலையமாக இணைந்துவிட்டது. ரேச்சல் ரூபனும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் திருக்கோவிலூர்ப் பகுதியைக் களமாக்கினர். சில ஊர்களுக்கு மாத்திரை மட்டும். சில ஊர்களுக்கு மாத்திரையோடு கழிவுநீர்க் குழிகளில் மணியும், கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீனும்.

முடிவுகள் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 2007இல் முழுமையாக வெளிவந்தன. மாத்திரை மட்டும் பெற்ற ஊர்களில், மருந்து நின்றபின் நோய்ப்பரவல் மீண்டும் தலைதூக்கியது. குழியையும் கவனித்த ஊர்களில் பெற்ற பயன் நிலைத்தது. ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை புழக்கடைகள், எத்தனை மூக்குப்பிடிப்புகள், 'என் வீட்டுச் சாக்கடையில் உனக்கென்ன வேலை' என்ற எத்தனை கேள்விகள் இருந்திருக்கும்!

ஆனால் அரசின் பெருந்திட்டமாக மலர்ந்தது மாத்திரைதான். 1990களின் பிற்பகுதியில் கடலூர் மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கி, 2004 முதல் நாடு தழுவிய அளவில் ஆண்டுக்கொருமுறை வீடுவீடாக மாத்திரை வழங்கினார்கள். அதைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. அதனால் இலட்சக்கணக்கான கால்கள் தப்பின. மாத்திரையை எண்ணலாம், கணக்கு எழுதலாம், ஒரே நாளில் மாவட்டத்தையே முடிக்கலாம். குழியை அப்படி முடிக்க முடியாது. நிர்வாகம் மாத்திரையைத் தேர்ந்தது புரிந்துகொள்ளக்கூடியதே. எங்கள் வருத்தம் வேறு. திருக்கோவிலூரின் பாடம் திருக்கோவிலூரிலேயே நினைவாகச் சுருங்கி, தேநீர்க் கடைப் பேச்சாகிவிட்டதே என்பதுதான்.

புதுச்சேரி மையத்தின் பழைய பணிகளைப் படிக்கப் படிக்க, கழிவைக் கழிவாக விடாத ஒரு பிடிவாதம் அங்கே தொடர்ந்து இருந்ததை உணர்ந்தோம். கடலோரச் சிற்றூர்களின் காயல்களில் படரும் பாசி, கொசுப்புழுவுக்கு மறைவிடமாக இருந்தது. ஊரார் அதை அள்ளினால் கொசு குறையும். ஆனால் யார் நாள்தோறும் அள்ளுவார்கள்? அள்ளிய பாசியிலிருந்து காகிதம் செய்யும் முயற்சி பிறந்தது. கேரளத்தின் சேர்த்தலையில் குளங்களை மூடிய ஆகாயத் தாமரையின் வேர்களில் வேறொரு வகை யானைக்கால் கொசு ஒண்டியிருந்தது. அங்கே செடியை அகற்றி, குளத்தில் மீன் வளர்க்க ஊராரைப் பழக்கினார்கள். கொசுவுக்காகக் குளத்தைத் தூய்மை செய்யாதவன் மீனுக்காகச் செய்வான் என்ற மனிதக் கணக்கு அது.

இன்னொன்று கோழி இறகு. 1976இல் இசுரேலின் நெகேவ் பாலையில் கண்டறியப்பட்ட ஒரு பாக்டீரியம், பிற உயிர்கள் பெரும்பாலானவற்றுக்குத் தீங்கின்றிக் கொசுப்புழுவைக் கொல்ல வல்லது. அதன் பி-17 என்ற வகையைப் புதுச்சேரி மையம் வளர்த்தெடுத்தது. சிக்கல் என்னவென்றால் அதற்கு இடும் உணவின் விலை. சோயா மாவில் வளர்த்துப் பார்த்தனர். 2007, 2008 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில், கறிக்கடைகளில் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகும் இறகுகளையே உணவாக்கி அதே நச்சுத்திறனைப் பெற்றுக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை வாசலில் காற்றில் பறக்கும் அந்த இறகைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எங்களுக்கு வேறு நினைவு வருகிறது. தெர்மோகோலுக்கும் இந்த மறுபிறப்பு உண்டு. ஈரானில் 2000களில், புதிய மணிகளோடு, பொட்டலம் கட்டிவந்த பழைய தெர்மோகோலை நொறுக்கிய துகளையும் பயன்படுத்திக் கொசுவின் மேல் சோதித்தனர்.

சரி, ஆய்வு வளாகத்தின் சொந்தக் குப்பை எங்கே போகிறது என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. இரவு இரத்தப் பரிசோதனையின் தொடக்க காலங்களில் எதுவுமே குப்பையாகவில்லை. ஹாகடார்ன் என்ற ஒரே ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து அடுத்தடுத்த விரலில் குத்தினார்கள். கண்ணாடித் துண்டுகளைக் கழுவி மீண்டும் பயன்படுத்தினார்கள். சிக்கனத்தின் உச்சம், எய்ட்ஸ் பற்றிய அறிவு வந்தபின் அதுவே அச்சத்தின் உச்சமாயிற்று. ஒருமுறை குத்தி எறியும் ஊசிகள் வந்தன. ஆகக் குப்பை பிறந்தது அலட்சியத்தால் அன்று, எச்சரிக்கையால்.

1996இல் தில்லி மருத்துவமனைக் குப்பை பற்றிய வதேரா வழக்கில், 50 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் எரியூட்டிகள் அமைக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1998 ஜூலை 20 அன்று உயிரிமருத்துவக் கழிவு விதிகள் அறிவிக்கப்பட்டன. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று பைகளுக்கு நிறம் வந்தது. வளாகம்தோறும் புகைபோக்கி எழுந்தது. பிளாஸ்டிக் எரிந்த புகை புதிய நஞ்சானது. 2016இல் வந்த புதிய விதிகள், 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் தனி எரியூட்டி கூடாது என்றன. ஆய்வகக் கழிவை வளாகத்திலேயே கிருமி நீக்க வேண்டும் என்றன. சிவப்புப் பையின் பிளாஸ்டிக்கைக் கிருமி நீக்கி நொறுக்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வழிசெய்தன. முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முதல் தெருமுனைச் சிறு இரத்தப் பரிசோதனை நிலையம் வரை இவ்விதிகள் பொருந்தும்.

விரலில் குத்திய ஊசிக்கு இத்தனை நிறங்கள் உண்டு. அந்த விரலுக்குரியவரின் வீட்டுப் புறத்தே நிற்கும் குழிக்கு எந்த நிறமும் இல்லை.

2019இல் மாவட்டம் மறுபடி பிரிந்தபோது திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சியோடு போய்விட்டது. புழக்கடைக் குழிகள் பலவும் மாறிவிட்டன. கழிப்பறைத் திட்டங்கள் வந்தபின் செப்டிக் தொட்டி கட்டாத வீடு குறைவு. அதன் மேல் காற்றுப்போக ஒரு குழாய் வானம் பார்த்து நிற்கும். அந்தக் குழாயின் வாய் திறந்திருந்தால் கியூலக்ஸ் அதன் வழியே இறங்கி முட்டையிடும், அதன் வழியே ஏறி வெளிவரும். சுகாதாரப் பணியாளர்கள் கையில் நைலான் வலைத்துண்டும் கயிறுமாக வந்து அதைக் கட்டச் சொல்வதுண்டு. ஊர் திரும்பிய மறுநாள், திண்டிவனத்து நண்பர் தம் வீட்டு மாடியில் ஏறிப் பார்த்தார். வலை கட்டியிருந்தது. பழைய வலை, வெயிலில் நைந்து பாதி கிழிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கடைக்குப் போய்ப் புது வலை வாங்கிவந்து கட்டிவிட்டு எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் வீட்டுக் குழாய்களைப் பார்த்தோமா என்று கேட்டார்.